எம்.பி. தேர்தலும் எங்க ஊர்ப் பிரச்சினையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்களவைத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் வாக்காளர்களும் வேட்பாளருக்காக வீதியில் இறங்கி வேலை செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகள் உள்ளன. தமிழ்நாட்டுத் தொகுதிகளை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

எங்க தெருவுல பத்து நாளைக்கு ஒருதரம்தான் தண்ணி வருது. இதை எம்.பி. வேட்பாளர்கிட்ட கேட்கலாமா, இல்ல கவுன்சிலர்கிட்டதான் கேட்கணுமா?

கேட்கலாம். எதைக் கேட்கிறோம் என்பதில்தான் தெளிவு வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. தண்ணீர், துப்புரவு, மருத்துவமனை, உள்ளாட்சி, காவல் எல்லாம் மாநிலப் பட்டியலில் வருகின்றன. உங்கள் தெருவுக்கு எந்த நாளில் தண்ணீர் விடுவது என்பதை ஊராட்சியோ நகராட்சியோதான் முடிவு செய்கிறது. எம்.பி. அந்த வால்வைத் திறக்கச் சொல்லி உத்தரவு போட முடியாது.

ஆனால் கிராமமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒன்றிய அரசின் பணமும் இருக்கிறது. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவுகோல். "தண்ணி விடுவீங்களா?" என்று கேட்டால் எந்த வேட்பாளரும் தலையாட்டுவார். "எங்க ஊராட்சியில வேலை முடிஞ்சதா கணக்கு காட்டியிருக்கு, குழாயில காத்துதான் வருது. திஷா கூட்டத்துல இதைக் கேட்பீங்களா?" என்று கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

திஷான்னா என்ன? எம்.பி.க்கு வேற என்னதான் கையில இருக்கு?

மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவைத்தான் சுருக்கமாக திஷா என்கிறார்கள். 2016-ல் வந்தது. மக்களவை உறுப்பினர் அதன் தலைவர், ஆட்சியர் உறுப்பினர் செயலர். ஒரே மாவட்டத்தில் இரண்டு மூன்று எம்.பி.க்கள் இருந்தால் மூத்தவர் தலைவர், மற்றவர்கள் இணைத் தலைவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். ஒன்றிய அரசின் பணம் வரும் திட்டங்கள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எது தேங்கி நிற்கிறது என்று அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்கும் இடம் அது. பிரசாரத்தில் இந்தக் குழுவின் பெயரைச் சொல்பவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமான விஷயம். எம்.பி.யின் உள்ளூர் அதிகாரத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

இது போக, ஒன்றியப் பட்டியலில் உள்ள எல்லாமே எம்.பி. நேராகப் பேச வேண்டிய விஷயங்கள்: ரயில், தேசிய நெடுஞ்சாலை, பெரிய துறைமுகம், விமான நிலையம், அஞ்சலகம், தொலைத்தொடர்பு. வருங்கால வைப்பு நிதி அலுவலகம், பொதுத்துறை வங்கிக் கிளை, பாஸ்போர்ட் சேவை மையம் ஆகியவையும் அப்படித்தான். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் அது வெளியுறவுத் துறை விவகாரம், அதைக் கேட்க வேண்டிய இடம் டெல்லி.

கலந்து நிற்பவையும் உண்டு. முதியோர் உதவித்தொகையில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு 200 ரூபாயும், 80 வயது ஆனவர்களுக்கு 500 ரூபாயும் ஒன்றிய அரசின் பங்கு. மீதியை மாநில அரசு போடுகிறது. பங்கை உயர்த்தச் சொல்லிப் போராட வேண்டியவர் எம்.பி. உங்கள் பாட்டியின் மனு ஏன் நிற்கிறது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தாசில்தார்.

வருஷத்துக்கு அஞ்சு கோடி எம்.பி. நிதி வருதே, அதுலயே எல்லாத்தையும் செஞ்சிடலாமே?

1993-ல் தொடங்கிய தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாயாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 39 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 6 சட்டமன்றத் தொகுதிகள். சமமாகப் பங்கிட்டால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஆண்டுக்கு 83 லட்சம் வரும். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கலாம். பஸ் நிழற்குடை, வகுப்பறை, நூலகக் கட்டடம், சிறு பாலம் என்று செய்யலாம். ஒரு ரயில்வே மேம்பாலத்துக்கே பல கோடி ஆகும்.

அந்தப் பணம் எம்.பி. கைக்கு வருவதும் இல்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் மதிப்பீடு போட்டு அனுமதிக்கும். 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் போக வேண்டும். 5 கோடியில் அது 75 லட்சமும் 37.5 லட்சமும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் வளாகத்துக்குள் செய்ய முடியாது, தனியார் நிலத்திலும் கட்ட முடியாது. "அம்மன் கோயிலுக்கு மண்டபம் கட்டித் தர்றேன்" என்று எம்.பி. நிதியைக் காட்டி வாக்குக் கொடுப்பவர் விதிமுறையைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

கேந்திரிய வித்யாலயாவுல எம்.பி. கோட்டா சீட்டு?

இல்லை. ஆளுக்குப் பத்து இடம் பரிந்துரைக்கும் முறை 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி யாராவது வாக்குக் கேட்டால் நம்ப வேண்டாம்.

எங்க வேட்பாளருக்குத் தொகுதி புதுசு. ஊர்ப் பிரச்சினையை எல்லாம் எப்படித் திரட்டுறது?

முதலில் செய்ய வேண்டியது, ஏற்கெனவே எழுத்தில் இருப்பதை எடுப்பது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அவற்றின் தீர்மானங்களைப் பார்த்தால் அந்த ஊர் வருடக்கணக்கில் எதைக் கேட்டு வருகிறது என்று தெரியும். அடுத்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனுக்களின் நகல்கள்; மனு கொடுத்தவர் ரசீதோடு பத்திரமாக வைத்திருப்பார். முந்தைய எம்.பி.க்கள் கேட்ட கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும் மக்களவை இணையதளத்தில் கிடைக்கின்றன. ரயில் வேலை என்றால் 'பிங்க் புக்' என்று சொல்லப்படும் பட்ஜெட் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். திட்டம் அதில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது, எவ்வளவு பணம் என்பதுதான் முக்கியம். 1,000 ரூபாய் என்று பெயருக்குப் போட்டிருந்தால் திட்டம் சாகவில்லை, நகரவும் இல்லை.

பிறகு ஒவ்வொரு பிரச்சினைக்கும் அரைப் பக்கக் குறிப்பு போடுங்கள். இடம் எது (கேட் எண், கிலோமீட்டர் கல், வாய்க்காலின் பெயர்), யாருக்குப் பாதிப்பு, எந்தத் துறை, கோப்பு இப்போது யார் மேசையில் நிற்கிறது, அடுத்து நடக்க வேண்டிய ஒரே ஒரு காரியம் என்ன. நான்காவதைத்தான் பெரும்பாலானவர்கள் எழுதாமல் விடுகிறார்கள். கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கொடுக்கும் வாக்குறுதி வெறும் பேச்சு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். அதனால் இந்த வேலையைத் தேர்தல் அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

திரட்டும்போது நடக்கும் பெரிய தவறு, கட்சியின் கிளைச் செயலாளர் வீட்டுத் திண்ணையோடு முடித்துக்கொள்வது. ஊர் டீக்கடையில் ஒரு பட்டியல் கிடைக்கும், காலனியில் வேறு பட்டியல் கிடைக்கும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்கள் மூன்றாவது பட்டியல் சொல்வார்கள். மூன்றும் வேண்டும். சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்ற புகார் டீக்கடையில் காதில் விழாது.

எங்க ஊர் ரயில்வே கேட்டுல தினமும் அரை மணி நேரம் நிக்கிறோம். 'ஜெயிச்சா மேம்பாலம் கட்டித் தருவேன்'னு சொல்லலாமா?

அப்படியே சொல்லக் கூடாது. ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் வேண்டுமென்றால் முதலில் பார்ப்பது போக்குவரத்துக் கணக்கு. ஒரு நாளில் அந்தக் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகன எண்ணிக்கையால் பெருக்கினால் 1 லட்சத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து கட்டும் பட்டியலுக்கு அது தகுதி பெறும். உதாரணமாக 40 ரயில்கள், 2,500 வாகனங்கள் என்றால் சரியாக 1 லட்சம். உங்கள் கேட்டின் கணக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பழைய கணக்கை வைத்துக்கொண்டு தகுதியில்லை என்று ஒதுக்கியிருந்தால், புதிதாகக் கணக்கெடுக்கச் சொல்வதே எம்.பி. செய்யக்கூடிய முதல் காரியம்.

இரண்டாவது சிக்கல் நிலம். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும். இரு பக்கமும் ஏறி இறங்கும் அணுகுசாலையை வழக்கமாக மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். அணுகுசாலைக்கு வேண்டிய நிலத்தைக் கையகப்படுத்துவதில் வழக்கு வந்துவிட்டால் நடுப்பாலம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். எனவே "மேம்பாலம் கட்டுவேன்" என்பதற்குப் பதிலாக "முதல் ஆண்டில் போக்குவரத்துக் கணக்கெடுப்பு, அடுத்து நில எடுப்புக்கு இரண்டு துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைப்பேன்" என்று சொல்வது நேர்மை. சுரங்கப்பாதை போதும் என்று முடிவானால் மழைநீர் எங்கே வடியும் என்பதை முதலிலேயே கேளுங்கள். பக்கத்து வாய்க்காலைவிடத் தளம் தாழ்ந்திருந்தால் மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். மின்சாரம் போன இரவில் ஊர் துண்டாகிவிடும்.

ரயில் வேலைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு மதுரை–போடி பாதை ஓர் உதாரணம். அகலப்பாதையாக்க 2010 கடைசியில் மூடினார்கள். 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்தது. 90 கிலோமீட்டருக்கு 12 ஆண்டுகளுக்கு மேல், இடையில் இரண்டு மக்களவைத் தேர்தல்கள்.

கட்சியே தேர்தல் அறிக்கை விடுதே, தொகுதிக்குன்னு தனியா எதுக்கு?

கட்சி அறிக்கை நாட்டுக்கும் மாநிலத்துக்கும். உங்கள் ஊர்ப் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தேசிய நெடுஞ்சாலையில் சர்வீஸ் ரோடு இல்லை என்பது அதில் வராது. தொகுதி அறிக்கையில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு இரண்டு அல்லது மூன்று, மொத்தம் பதினைந்து போதும். நூறு போட்டால் வேட்பாளருக்கே நினைவிருக்காது.

2013-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொன்னதையொட்டி, வாக்குறுதிக்கான காரணமும் அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதும் அறிக்கையில் தெரிய வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுத்திருக்கிறது. அது கட்சிகளுக்கானது என்றாலும், தொகுதி அறிக்கையிலும் ஒவ்வொரு வாக்குறுதிக்குக் கீழே எந்தத் துறை, எந்தத் திட்டத்தின் பணம் என்று ஒரு வரி போடுவது நல்ல பழக்கம்.

வேன்ல வர்றப்ப ஊருக்கு எவ்வளவு நேரம் பேசணும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-ல் தமிழ்நாட்டில் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30, பிரசாரம் முடிந்தது ஏப்ரல் 17 மாலை. பத்தொன்பது நாட்கள்கூட முழுதாக இல்லை. ஒரு தொகுதியில் சுமார் 1,700 வாக்குச்சாவடிகள். எல்லா இடத்திலும் நின்று பேச முடியாது, நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது.

அந்த ஐந்து நிமிடத்தில் முதல் வரியிலேயே அந்த ஊர்ப் பிரச்சினை வரட்டும். மேலே சொன்ன அரைப் பக்கக் குறிப்பைச் சுருக்கி ஊர்ப் பெயர், ஒரு பிரச்சினை, ஒரு வாக்குறுதி என்று மூன்று வரியில் எழுதி, வேன் அந்த ஊருக்குள் நுழையும் முன் வேட்பாளர் கையில் கொடுக்க வேண்டும். அட்டைகளைப் பாதை வரிசைப்படி அடுக்கி வையுங்கள். பாதை மாறும்போது அட்டை மாறாமல் போய், ஒரு ஊர்க் கண்மாயை அடுத்த ஊரில் பேசிவிட்டால் அந்த ஊர் வாக்கைத் திரும்பப் பெறுவது கஷ்டம். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. கடைசி ஊர்க்காரர்கள் ஒன்பதரைக்கே காத்திருப்பார்கள் என்பதால் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டு வாருங்கள்.

ஊர்ப் பிரச்சினையைப் போட்டு நோட்டீஸ் அடிக்கிறோம். என்ன கவனிக்கணும்?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 127ஏ-யின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் முகப்பில் இருக்க வேண்டும். வெளியிடுபவர், தன்னைத் தெரிந்த இரண்டு பேரின் சான்றொப்பத்தோடு உறுதிமொழி எழுதி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அச்சகம் நோட்டீஸ் பிரதியோடு அதை ஆட்சியருக்கு அனுப்பும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எதிர் வேட்பாளர் அந்தக் கேட் பிரச்சினைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று எழுதலாம், ஆதாரம் கையில் இருக்கட்டும். அவருடைய சொந்த நடத்தையைப் பற்றிப் பொய் என்று தெரிந்தே எழுதுவது பிரிவு 123-ன்படி முறைகேடு, தேர்தலே செல்லாமல் போகலாம். சாதி, மதம், மொழியைச் சொல்லி வாக்குக் கேட்பதும் அதே பிரிவில் வருகிறது. 2017-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் சாதி மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

ஊருக்கு ஒரு போர்வெல் போட்டுக் கொடுத்தாலோ, ஆரத்தித் தட்டுல ஐநூறு போட்டாலோ தப்பா?

தப்புதான். வேட்பாளர் தன் பணத்தில் போர்வெல் போடுவது, திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பது, ஆரத்தித் தட்டில் போடுவது எல்லாம் வாக்குக்கான கையூட்டு என்று பார்க்கப்படும். "ஊர் முழுக்கப் பொதுவாத்தானே செய்றோம்" என்ற சமாதானம் எடுபடாது. 2019-ல் பணம் பிடிபட்டதால் வேலூர் மக்களவைத் தேர்தலையே நிறுத்திவிட்டு ஆகஸ்டில் நடத்தினார்கள். தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் யாராவது படம் எடுத்துப் போட்டால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு.

செலவு வரம்பு 95 லட்சம்னா, ஊர்ஊரா சின்னக் கூட்டம் போடுற செலவும் அதுலதான் வருமா?

வரும். மனுத் தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை நாற்காலி, பந்தல், மைக், டீ, வேன் டீசல் எல்லாம் கணக்கில் ஏறும். தனி வங்கிக் கணக்கு வேண்டும். முடிவு வந்து 30 நாளில் கணக்கை ஒப்படைக்காவிட்டால் மூன்று ஆண்டுகள் தகுதிநீக்கம் வரலாம். தோற்றவருக்கும் இது பொருந்தும்.

திண்ணைக் கூட்டம், வீடு வீடாகப் போவது ஆகியவற்றுக்கு மிகக் குறைந்த செலவே ஆகும், கேட்கவும் நேரம் கிடைக்கும். உள்ளூர்ப் பிரச்சினையை மையமாக வைத்துப் பிரசாரம் செய்பவருக்கு மேடையைவிட அதுவே பலம்.

'தேர்தல் புறக்கணிப்பு'ன்னு பேனர் கட்டி கறுப்புக் கொடி ஏத்தியிருக்காங்க. அந்த ஊருக்குப் போகலாமா?

போக வேண்டும். ஆனால் மைக் வேனோடு வேண்டாம். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு மூன்று நான்கு பேராகப் போய் உட்கார்ந்து கேளுங்கள். இதற்கு முன் யார் யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே ஒரு வாக்குறுதியையும் கொடுக்காதீர்கள். அவர்கள் கோபமே அந்த வாக்குறுதிகளின் மேல்தான். கோப்பு எங்கே என்று விசாரித்து இரண்டு நாளில் வந்து சொல்வதாகச் சொல்லி, சொன்ன நாளில் போங்கள்.

கோட்டாட்சியரும் தாசில்தாரும் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். நடத்தை விதி அமலில் இருக்கும்போது புதிய வேலையை அவர்களால் அறிவிக்க முடியாது, ஏற்கெனவே தொடங்கிய வேலையைத் தொடரலாம். இதை ஊர்க்காரர்களுக்கு விளக்குவது நல்லது. வாக்களிக்காமல் இருப்பது ஒருவரின் விருப்பம், 2013 முதல் நோட்டா பொத்தானும் இருக்கிறது. ஆனால் வாக்களிக்கப் போகிறவரை ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தடுப்பது குற்றம்.

எங்க ஆளு ஜெயிச்சாலும் டெல்லியில எதிர்க்கட்சியா உட்கார்ந்தா என்ன செய்ய முடியும்?

பணம் ஒதுக்குவது கடினமாகலாம், கேள்வி கேட்பதை யாரும் தடுக்க முடியாது. குறைந்தது 15 நாள் முன்னறிவிப்போடு கேள்வி கொடுக்க வேண்டும். ஒரு நாளில், அவையில் அமைச்சர் வாயால் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்தில் பதில் பெறும் கேள்விகள் 230. உள்ளூர்ப் பிரச்சினைக்கு இரண்டாவது வகையே அதிகம் உதவும். அமைச்சரின் எழுத்துப்பூர்வ பதிலில் நிதி, தேதி, தாமதத்துக்குக் காரணம் எல்லாம் பதிவாகும்; அடுத்த திஷா கூட்டத்தில் அதை மேசையில் வைத்துக் கேட்கலாம். மக்களவை நடைமுறை விதி 377-ன் கீழ் தொகுதிப் பிரச்சினையை எழுப்பினாலும் அமைச்சகம் எழுத்தில் பதில் தர வேண்டும். திஷா தலைமை, கட்சி பார்த்து வருவது இல்லை.

புறவழிச்சாலை வேணும்னு டவுன்ல கேட்கிறாங்க. நிலம் போற ஊர்ல வேண்டாம்கிறாங்க. ரெண்டு பக்கமும் ஓட்டு வேணுமே?

இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேசுவதுதான் எல்லோரும் செய்வது. அன்று மாலையே வீடியோ இரண்டு ஊருக்கும் போய்விடும். அதைவிட முக்கியம், அது நிலம் இழப்பவருக்குச் செய்யும் துரோகம். டவுனில் சொல்வதையே கிராமத்திலும் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு விஷயம் நிறைய இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நில எடுப்பு நடக்கும். அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் நில உரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இந்தக் கெடு தெரியாமல் விட்டுவிட்டுப் பின்னால் மறியல் செய்பவர்கள் அதிகம். அறிவிப்பு வந்துவிட்டதா, எந்தெந்தப் புல எண்கள், பாதையைத் தரிசு வழியாக மாற்ற இடமுண்டா, கிணறும் மரங்களும் மதிப்பீட்டில் சேர்ந்தனவா, வயலின் இரு பாதிக்கும் நடுவே டிராக்டர் போகச் சுரங்கவழி வரைபடத்தில் இருக்கிறதா. இந்தக் கேள்விகளோடு நிலம் போகும் ஊரில் உட்காருங்கள். "ரோடு வரும், ஆனா இந்த அஞ்சையும் உங்களோட சேர்ந்து கேட்பேன்" என்று டவுன்காரர்கள் முன்னாலும் சொல்லுங்கள். அந்த ஊரில் சில வாக்குகள் போகத்தான் செய்யும், அதற்குத் தயாராக இருங்கள்.